அடங்காத பிள்ளையா, அவதானம் நிற்காத பிள்ளையா?

(தோட்டப் பெற்றோர் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



மலையை விட்டு இறங்கி, கொழுந்து நிறுத்த கையோடு வந்திருக்கிறீர்கள். ஆகவே நீட்டி முழக்க மாட்டோம்.

லயத்துக்கு லயம் நாங்கள் போகும்போது கேட்கிற முறைப்பாடு ஒன்று உண்டு. "ஐயா, இவன் ஒரு எடத்துல ஒக்கார மாட்டேங்குறான். சீனி வாங்க அனுப்பினா வெறுங்கையோட வாரான். எவ்வளவு அடிச்சும் திருந்தல." வாத்தியாரும் இதையேதான் சொல்கிறார். கடைசியில் பிள்ளைக்கு "மக்கு", "குழப்படிக்காரன்" என்று பேர் விழுந்துவிடுகிறது. அந்தப் பேரோடு ஏழாம், எட்டாம் வகுப்பிலேயே படிப்பை விட்டுக் கொழும்புக் கடைகளுக்குப் போன பிள்ளைகளை நாம் எல்லோரும் அறிவோம்.

இவர்களில் சிலருக்கு இருப்பது கெட்ட குணம் அல்ல. அவதானக் குறைவும் மிகைத் துடியாட்டமும் என்று டாக்டர்மார் சொல்வார்கள். ஏ.டி.எச்.டி. என்பது அதன் இங்கிலீஷ் சுருக்கம். உலகளவில் 100 பிள்ளைகளில் ஏறக்குறைய 5 பேருக்கு இது இருப்பதாகக் கணக்கு. புதிதாக வந்ததும் அல்ல. லண்டனில் ஜோர்ஜ் ஸ்டில் என்ற சிறுவர் வைத்தியர் 1902இலேயே இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றி விரிவுரை செய்திருக்கிறார். பெரும்பாலும் பரம்பரையாக வருவது. தாய் செல்லம் கொடுத்ததாலோ சீனி தின்றதாலோ வந்ததல்ல, செய்வினையும் அல்ல. இதைக் கேட்ட ஒரு தகப்பன், "நானும் சின்னதுல இப்படித்தான் ஐயா" என்று தலையைச் சொறிந்தார். இருக்கலாம்! பெரியவர்களான பிறகும் பலருக்கு இது தொடர்கிறது.

பெண்பிள்ளைகளில் பலர் துள்ளித் திரிவதில்லை. சத்தமில்லாமல் யன்னலைப் பார்த்தபடி இருப்பார்கள். தொல்லை இல்லாததால் ஒருவரும் கவனிப்பதில்லை.

இந்தப் பிள்ளைகளுக்குக் கவனமே இல்லை என்பது சரியல்ல. வேண்டிய இடத்தில் அதை நிறுத்துவதுதான் கஷ்டம். எங்களுக்குத் தெரிந்த ஒரு பையன் நாலு வரி எழுதுவதற்குள் நாலு தடவை எழும்புவான். பழுதான ரேடியோவைக் கொடுத்தால் பசி தெரியாமல் இருட்டும்வரை கழற்றிப் பூட்டுவான். காற்றில் கூரைத் தகரம் கிளம்பிய அன்று பெரியவர்கள் யோசித்துக்கொண்டு நிற்க, கயிறோடு முதலில் ஓடிவந்தவனும் அவன்தான். ஆனால் யோசிக்காமல் பாய்வது ஆபத்தும்கூட. ரோட்டிலும் ஆற்றிலும் இவர்கள் மேல் ஒரு கண் வேண்டும். அமெரிக்க நீச்சல் வீரர் மைக்கல் பெல்ப்ஸுக்கு 9 வயதில் ஏ.டி.எச்.டி. என்று டாக்டர் சொன்னார். பிறகு ஒலிம்பிக்கில் 23 தங்கப் பதக்கம் வென்றார். எல்லாப் பிள்ளையும் அப்படி வரும் என்று நாங்கள் சொல்லவில்லை. கஷ்டம் கஷ்டம்தான்.

வீட்டில் என்ன செய்யலாம்? "குளிச்சிட்டு, தண்ணி எடுத்து வச்சிட்டு, படி" என்று மூன்றைச் சேர்த்துச் சொன்னால் ஒன்றும் நிற்காது. பக்கத்தில் போய், பேர் சொல்லிக் கூப்பிட்டு, ஒரே ஒரு வேலை. முடித்தால் அப்போதே ஒரு நல்ல வார்த்தை. "சம்பளத்தன்னிக்கு வாங்கித் தாரேன்" என்பது அவனுக்கு வெகுதூரம். பத்து நிமிஷம் படிப்பு, ஒரு குடம் தண்ணீர், மறுபடி பத்து நிமிஷம். ஒரே காம்பராவில் சமையலும் டீவியும் படிப்பும் என்பது நம் லயங்களின் பெரிய பாடு. அந்த அரை மணிக்காவது டீவியை நிறுத்துங்கள். அடித்தால் பயம் வரும், அவதானம் வராது. பள்ளியில் அடிக்கக் கூடாது என்று கல்வி அமைச்சு 2005இலேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது.

எல்லாக் குழப்படியும் இதுவல்ல. காது கேளாமை, பார்வைக் குறைவு, தூக்கக் குறைவு, வீட்டில் குடிச்சண்டை இவையும் பிள்ளையைக் குழப்பும். 12 வயதுக்கு முன்பே தொடங்கி, வீட்டிலும் பள்ளியிலும் ஆறு மாசத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். தோட்ட ஆஸ்பத்திரியிலோ மிட்வைப் அம்மாவிடமோ சொன்னால் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வழி காட்டுவார்கள். அங்கே "மனநலப் பிரிவு" என்ற பலகையைப் பார்த்து வெட்கப்பட வேண்டாம். மருந்து தேவையா என்பதை டாக்டர்தான் சொல்வார். மருந்தால் பசியோ தூக்கமோ குறைந்தால் அதை அவரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

போகும்போது பிள்ளையின் கொப்பிகளையும் ரிப்போட்டையும் கொண்டுபோங்கள். "ஒரு நாள் பேர் போயிடுமே" என்ற யோசனை இருந்தால் முதல் நாளே எங்களிடம் வந்து சொல்லுங்கள். கணக்கப்பிள்ளையோடு நாங்கள் பேசுகிறோம்.