கண்ணுக்குத் தெரியாத வலியும் நம் கடமையும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இஷா தொழுகைக்குப் பின் ஆற்றப்பட்ட உரை)

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் வல்ல அல்லாஹ்வுக்கே உரியன. அவனுடைய இறுதித் தூதர் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவனவாக!

 

ஆண்டுக் கூட்டத்தில் வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்படுவது வழக்கம். இன்று நாமும் நம்முடைய கணக்கு ஒன்றை உங்கள் முன் வைக்க நாடுகிறோம். அது நாம் செய்த ஒரு பிழையின் கணக்கு.

சில ஆண்டுகளுக்கு முன், ஓர் அஸர் தொழுகைக்குப் பின், சகோதரர் ஒருவர் தம் மனைவியை அழைத்துக்கொண்டு நம்மிடம் வந்தார். பட்டுத்தறி இருக்கும் வீடு. அந்தச் சகோதரி தார் சுற்றுவார். வீட்டு வேலையையும் பிள்ளைகளையும் கவனிப்பார். கழுத்து, தோள், முதுகு, இடுப்பு, கால் என உடல் முழுவதும் ஓராண்டாக வலி. இரவு உறங்கினாலும், காலையில் விடிய விடிய மூட்டை சுமந்தவரைப் போன்ற அசதி. அடுப்பில் வைத்த பாலை மறந்துவிடுகிறார். சொல்ல வந்த சொல் நாவில் வராமல் நின்றுவிடுகிறது. இரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே எல்லாம் எடுத்தாயிற்று. எதிலும் குறை இல்லை. வீட்டார் சோம்பல் என்றனர். அண்டை வீட்டார் கண்ணேறு என்றனர். ஒருவர் ஜின் என்றே முடிவு கட்டிவிட்டார்.

நாம் ஓதினோம். தண்ணீரில் ஊதிக் கொடுத்தோம். “ஸப்ரு செய்யுங்கள் அம்மா” என்று சொல்லி அனுப்பினோம். அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் சென்றார்.

ஈராண்டு கழித்து அந்தச் சகோதரர் மீண்டும் வந்தார். சென்னையில் மூட்டு வாத நோய் மருத்துவர் ஒருவர் நோயைக் கண்டு பெயர் சொல்லியிருந்தார்: ஃபைப்ரோமயால்ஜியா. மனைவி சொல்லியனுப்பியதாக அவர் கூறிய சொற்கள் இன்றும் நம் உள்ளத்தில் தைத்திருக்கின்றன. “ஹஜ்ரத் ஓதியதற்கு அல்லாஹ் நற்கூலி தருவான். ஆனால் எனக்கு வலிப்பது உண்மைதான் என்று யாராவது ஒருவர் சொல்வார்களா என்று கேட்கத்தான் அன்று வந்தேன்.”

ஓதுவது தவறன்று, அது நபிவழி. நோயாளியின் சொல்லைக் காது கொடுத்துக் கேளாமல், மருத்துவரிடம் மேலும் செல்லுமாறும் கூறாமல், ஸப்ரு என்ற ஒரு சொல்லால் வாயை அடைத்து அனுப்பியதே நம் பிழை. அதன் பிறகே இந்நோயைப் பற்றி மருத்துவர்களிடம் கேட்டறிந்தோம். அறிந்தவற்றை உங்களுக்குச் சொல்வது நம் மீது கடமை.

நோய் எது?

உடலின் பல பாகங்களில் மூன்று மாதங்களுக்கும் மேலாக நீடிக்கும் வலி, ஓய்வெடுத்தும் தீராத களைப்பு, உறங்கியும் தெளிவு தராத உறக்கம், மறதியும் சிந்தனை மந்தமும்: இவை ஒன்றுசேர்ந்து நிற்பதே ஃபைப்ரோமயால்ஜியா. இத்துடன் சிலருக்குத் தலைவலியும் வயிற்றுக் கோளாறும் இருக்கும். உலக அளவில் நூற்றுக்கு 2 முதல் 4 பேர் வரை இந்நோய் உடையவர்கள் என மதிப்பிடுகின்றனர். பெண்களிடமே அதிகமாகக் கண்டறியப்படுகிறது. ஆண்களுக்கும் சிறாருக்கும் வருவதுண்டு.

இது புதிய நோயன்று. 1904ஆம் ஆண்டிலேயே ஆங்கில மருத்துவர் வில்லியம் கவர்ஸ் இத்தகைய வலிக்கு ஃபைப்ரோசைட்டிஸ் என்று பெயரிட்டார். தசையில் அழற்சி இருப்பதாக அன்று எண்ணினர். அழற்சி ஏதும் இல்லை என்பது தெரிந்தபின், 1976இல் இன்றைய பெயர் வழக்கிற்கு வந்தது. 1990இல் அமெரிக்க வாதநோய் மருத்துவர் கழகம் இதனைக் கண்டறியும் விதிகளை வகுத்தது. உடலில் குறித்த 18 இடங்களில் அழுத்திப் பார்த்து, 11 இடங்களிலாவது வலித்தால் இந்நோய் என்பது அன்றைய விதி. 2010இல் வந்த புதிய விதிகள் அந்த அழுத்திப் பார்க்கும் முறையை விட்டுவிட்டன. வலி எத்தனை பாகங்களில் உள்ளது, களைப்பும் உறக்கக் குறைவும் மறதியும் எவ்வளவு என்று நோயாளியிடமே கேட்டறிய வேண்டும் என்றாயிற்று. இதைக் கவனியுங்கள்: இந்நோயில் நோயாளியின் சொல்லே பரிசோதனை. அவரை நம்ப மறுப்பவர் நோயை அறியும் வாசலையே மூடிவிடுகிறார்.

பரிசோதனையில் ஏன் தெரிவதில்லை?

நம் பள்ளியின் ஒலிபெருக்கியை எண்ணிப் பாருங்கள். முஅத்தின் மெல்லிய குரலில்தான் பேசுகிறார். ஆம்ப்ளிஃபையரின் திருகை யாரோ முழுவதும் திருப்பி வைத்துவிட்டால் அது காதைப் பிளக்கும். மைக்கைக் கழற்றிப் பார்த்தால் பழுது தெரியாது. இந்நோயிலும் தசை, எலும்பு, மூட்டு ஆகியவை கெடுவதில்லை. வலியை உணரும் மூளை, தண்டுவட நரம்பு மண்டலத்தின் திருகு உயர்ந்து நிற்கிறது. ஆகவே பிறருக்குச் சிறு அழுத்தமாகத் தெரிவது இவருக்குப் பெரும் வலியாகிறது. எக்ஸ்ரேயும் இரத்தப் பரிசோதனையும் இதனைக் காட்டமாட்டா.

அப்படியெனில் பரிசோதனைகள் வேண்டாமா? அவசியம் வேண்டும். தைராய்டு குறைவு, வைட்டமின் டி குறைவு, முடக்குவாதம் முதலியவையும் உடல்வலி தரும். அவற்றுக்குத் தனி மருத்துவம் உண்டு. மூட்டு வீக்கம், காய்ச்சல், காரணமின்றி எடை குறைதல், கை கால் வலுவிழத்தல் இருந்தால் தாமதிக்கலாகாது. நம் ஊரில் குழித்தறியில் நாள் முழுவதும் குனிந்திருப்பவர்களுக்கு இடுப்பும் தோளும் வலிப்பது தொழிலால் வரும் வலி. உடல் வலி அனைத்தையும் இந்நோய் என்று கொள்வதும் பிழையே. பிரித்தறிவது மருத்துவரின் வேலை. காஞ்சிபுரம் அரசு மருத்துவமனையில் தொடங்கலாம். சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் வாத நோய்களுக்கெனத் தனித் துறையே இருக்கிறது.

ஸப்ரு என்பது மௌனமா?

நாம் செய்த பிழையின் வேர் இங்கேதான் இருக்கிறது. வலியை வெளியில் சொல்வது ஸப்ருக்கு மாற்றமானது எனப் பலர் எண்ணுகின்றனர். நெடுங்காலம் நோயால் சோதிக்கப்பட்ட ஐயூப் (அலை) அவர்கள் பொறுமைக்கு எடுத்துக்காட்டு. அவர்களே தம்மைத் துன்பம் தீண்டியதைத் தம் இறைவனிடம் முறையிட்டார்கள். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தமக்குத் தலை வலிப்பதை அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார்கள். தம் காய்ச்சலின் கடுமையை இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களிடம் மறைக்கவில்லை. மருத்துவம் செய்துகொள்ளுமாறும் ஏவினார்கள். ஆகவே வலியைச் சொல்வதும் மருந்து தேடுவதும் பொறுமைக்கு உட்பட்டவையே.

அன்றாட வாழ்வில்

இந்நோயை ஒரே மாத்திரையில் தீர்க்கும் மருந்து இல்லை. ஆனால் வலியைக் குறைத்து நல்வாழ்வு வாழ வழிகள் உண்டு. அவற்றுள் மருத்துவர்கள் முதலிடம் தருவது உடற்பயிற்சிக்கே. வலிக்கும் உடலை அசைப்பதா என்று அஞ்சவேண்டாம். நாளொன்றுக்குப் பத்து நிமிட நடையில் தொடங்கி, வாரந்தோறும் சிறிது கூட்டலாம். அமல்களில் அல்லாஹ்வுக்கு உகந்தது குறைவாயினும் நிரந்தரமாகச் செய்யப்படுவது என நபியவர்கள் கற்பித்தார்கள் அல்லவா? அந்த வழி இதற்கும் பொருந்தும்.

வலி குறைந்த நாளில் ஒரு வாரத்து வேலையை இழுத்துப் போட்டுச் செய்வது, பிறகு நான்கு நாள் படுக்கையில் கிடப்பது என்ற பழக்கமே நோயாளியை வீழ்த்துகிறது. பாவை அளவுக்கு மீறி இழுத்துக் கட்டினால் இழை அறும் என்பதை இவ்வூரார்க்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. வேலையைப் பங்கிட்டு, இடையிடையே ஓய்வு கொள்ள வேண்டும். இஷாவுக்குப் பின் வீண்பேச்சையும் கைப்பேசியையும் தவிர்த்து, நேரத்தில் உறங்க வேண்டும். மாலைக்குப் பின் தேநீரைக் குறைக்கலாம். வெந்நீர்க் குளியல் பலருக்கு இதம் தருகிறது. குளிர்காலத்தில் உளூவுக்கும் வெதுவெதுப்பான நீரைக் கொடுங்கள்.

உறக்கத்தையும் நரம்பின் வலியையும் சீராக்க அமிட்ரிப்டிலின், டுலாக்செடின், பிரகாபலின் போன்ற மருந்துகளை மருத்துவர் தருவதுண்டு. இவற்றுள் சில மனச்சோர்வுக்கும் தரப்படுபவை. அதைக் கண்டு, பைத்தியத்திற்கு மருந்து தந்துவிட்டார்கள் என்று நிறுத்திவிடாதீர்கள். கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகள் இந்நோய்க்குப் பெரும்பாலும் பயன் தருவதில்லை. நாட்கணக்கில் தின்றால் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பெயரில்லாத பொட்டலப் பொடிகளை அறவே தவிருங்கள்.

தொழுகையில் இயன்ற அளவு நின்று, இயலாதபோது அமர்ந்து தொழலாம். அமரவும் இயலாதவர் படுத்தும் தொழலாம். இது நபியவர்கள் வழங்கிய சலுகை. நாற்காலியில் அமர்ந்து தொழுபவரை ஏற இறங்கப் பார்ப்பவர் அஞ்சிக்கொள்ளட்டும். நோன்பினால் நோய் கூடும் என்று நம்பகமான மருத்துவர் சொன்னால், அந்நாட்களை விட்டுப் பின்னர் களாச் செய்ய மார்க்கம் இடமளிக்கிறது. நோற்க முடிந்தவர்கள், மருந்தை ஸஹரிலும் இஃப்தாரிலும் எடுத்துக்கொள்வது பற்றி ரமளானுக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

கணவன்மார்களுக்கும் ஜமாஅத்துக்கும்

சகோதரர்களே! நபி (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கையில் குடும்பத்தாரின் வேலைகளில் துணை நின்றார்கள். தம் ஆடையைத் தாமே தைத்தார்கள். நீர்க்குடத்தைத் தூக்குவதும் துணி பிழிவதும் உங்கள் தகுதிக்குக் குறைவல்ல. நேற்று நடமாடியவர் இன்று படுத்திருந்தால் நடிப்பு என்று எண்ணாதீர்கள். இந்நோய் ஏறி இறங்கும் தன்மையுடையது. மருத்துவரிடம் உடன் செல்லுங்கள். நெடுநாள் வலி மனத்தையும் உடைக்கும். வாழவே விருப்பமில்லை என்ற சொல் வாயிலிருந்து வந்தால் அலட்சியம் செய்யாதீர்கள். 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

நிர்வாகக் குழுவிடம் நாம் வேண்டுவன இரண்டே. பெண்கள் தொழும் பகுதியில் சில நாற்காலிகள் வேண்டும். மருத்துவச் செலவுக்கு உதவி கேட்டு வருபவரிடம், பரிசோதனையில் ஒன்றுமில்லையே என்று கூறித் திருப்பி அனுப்பாதிருக்க வேண்டும். நம்மைப் பொறுத்தவரை, ஓதிப் பார்க்க வருபவர் எவராயினும், முதலில் அவர் சொல்வதை முழுவதும் கேட்போம், மருத்துவரைப் பார்த்தீர்களா என்று வினவுவோம், அதன்பின் ஓதுவோம். இது இந்தச் சபையின் முன் நாம் தரும் வாக்கு.

முஃமின்கள் ஓருடல் போன்றவர்கள் என்பது நபிமொழி. ஓர் உறுப்பு நோயுற்றால் உடல் முழுவதும் உறக்கமிழந்து காய்ச்சலில் பங்குகொள்ளும் என்று அண்ணலார் உவமை கூறினார்கள். அந்தச் சகோதரி இன்று தினமும் காலையில் நடக்கிறார். சிறிது தார் சுற்றுகிறார். சில நாள் படுத்திருக்கிறார். வலி முற்றிலும் போகவில்லை. ஆனால் வீட்டில் இப்போது அவரை நம்புகிறார்கள். அதுவே பாதிச் சுமையை இறக்கியது என்று அவருடைய கணவர் கூறினார்.

நோயுற்றோர் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தந்தருள்வானாக! அவர்களுடைய வலியைப் பாவங்களின் பரிகாரமாக ஆக்குவானாக! அவர்களை நம்பி, தோள் கொடுக்கும் உள்ளத்தை நமக்கும் நல்குவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.