வீட்டுக்குள் ஓர் ஒலிப்பதிவுக் கூடம்



வெண்பாவுக்குச் செப்பல், ஆசிரியப்பாவுக்கு அகவல், கலிப்பாவுக்குத் துள்ளல், வஞ்சிப்பாவுக்குத் தூங்கல் என ஓசையை வைத்தே பாவை வகுத்தது தமிழ் யாப்பு. ஆகவே தமிழ்க் கவிதை ஏட்டில் பாதியும் குரலில் பாதியுமாக வாழ்கிறது எனலாம். ஏட்டிலுள்ள பாதியை அச்சு காக்கிறது. குரலிலுள்ள பாதியைக் காப்பது யார்?

1902 நவம்பரில், கல்கத்தாவின் விடுதியொன்றில், கௌஹர் ஜான் பாடியதை ஃபிரெட் கெய்ஸ்பர்க் இசைத்தட்டுக்காகப் பதிவு செய்தார். இந்திய இசைத்தட்டின் தொடக்கம் பெருங்கூடத்தில் நிகழவில்லை. தற்காலிகமாக ஒழுங்கு செய்த அறையில் நிகழ்ந்தது. அதற்குப் பின்னும் ஏறத்தாழ 19 ஆண்டுகள் வாழ்ந்த பாரதியார், தம் பாடல்களைத் தாமே பாடி மகிழ்ந்தவர். கருவி நாட்டுக்குள் வந்திருந்தும் அவர் குரல் தமிழருக்குக் கிட்டாமற் போயிற்று.

அன்று கருவி வணிக நிறுவனங்களின் கையில் இருந்தது. அது வீட்டுக்குள் வந்த கதையும் கேட்கத்தக்கது. 1979இல் டீயாக் நிறுவனம் போர்ட்டாஸ்டூடியோ என்னும் நான்கு தடக் கேசட் கருவியை வெளியிட்டது. அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன், 1982 தொடக்கத்தில் நியூஜெர்சியில் தாம் குடியிருந்த வீட்டில், அக்கருவியில் சில பாடல்களை மாதிரியாகப் பதிந்தார். பின்னர் இசைக்குழுவோடு நகரத்துக் கூடத்தில் அவற்றைப் பதிந்தபோது நிறைவு உண்டாகவில்லை. வீட்டுக் கேசட்டே ‘நெப்ராஸ்கா’ என்னும் தொகுப்பாக அவ்வாண்டே வெளிவந்தது.

இன்று அக்கேசட் கருவியின் வேலையைக் கணிப்பொறி செய்கிறது. 2000ஆம் ஆண்டு முதல் கிடைத்துவரும் ஆடாசிட்டி என்னும் மென்பொருளுக்கு விலையே இல்லை. வாங்க வேண்டியவை மூன்று: ஒலிவாங்கி, அதைக் கணிப்பொறியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு ஹெட்போன்.

எனினும் முதற்செலவு கருவிக்கு அன்று, அறைக்கு. வெறுஞ்சுவர் கொண்ட அறையில் குரல் எதிரொலித்துக் குழம்பும். கனத்த திரை, பஞ்சு மெத்தை, சமுக்காளம் ஆகியவை எதிரொலியை உறிஞ்சும். நூல்கள் நிறைந்த அலமாரி ஒலியைச் சிதறடிக்கும். அவ்வகையில் கவிஞர் வீடு பாதிக் கூடமே. முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டுவதால் பெரும்பயன் விளையாது. மேலும், இவை எதுவும் தெருவோசையைத் தடுக்கமாட்டா. அதற்கு எளிய வழி, ஊர் அடங்கிய பின்னிரவையோ விடியற்காலையையோ தேர்ந்து, மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதிவதே.

ஒலிவாங்கிகளுள் கன்டென்சர் வகை நுண்ணொலியையும் பற்றும். பக்கத்து வீட்டுக் குக்கரின் கூவலையும் விடாது. அதற்கு இன்டர்ஃபேஸிலிருந்து 48 வோல்ட் மின்னழுத்தமும் வேண்டும். டைனமிக் வகை அருகிலுள்ள குரலையே பெரிதும் ஏற்கும். 1966 முதல் மேடைகளில் புழங்கும் ஷூர் எஸ்.எம். 58 இவ்வகையினது. இரைச்சல் நிறைந்த நகர வீட்டுக்கு இதுவே பொருந்தும். வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் இடையே ஒரு சாண் தொலைவு இருக்கட்டும். கம்பி வளையத்தில் மெல்லிய துணி கட்டி இடையில் நிறுத்தினால், பகரம் ஒலிக்கையில் எழும் காற்றுமோதல் அடங்கும்.

வினாடிக்கு 44,100 மாதிரிகள், 24 பிட் என்னும் அளவு குரலுக்குப் போதுமானது. ஒலியின் உச்சம் மைனஸ் 12 டெசிபெல்லை ஒட்டி நிற்கட்டும். சுழியத்தை மீறிச் சிதைந்த ஒலியை முழுமையாக மீட்டல் அரிது. மூலப்பதிவை எம்பி3 ஆகச் சுருக்காமல் வேவ் கோப்பாகவே வைத்து, மூன்று படிகள் எடுத்து, ஒன்றை வேறோர் இல்லத்தில் காத்தல் நலம். கறையான் ஓலையை அரித்த கதை தமிழருக்குப் புதிதன்று. வன்தட்டும் ஒருநாள் பழுதாகும்.

இத்தனையும் கைகூடும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. சட்டைப் பையிலுள்ள கைப்பேசியே அமைதியான அறையில் நல்ல பதிவைத் தரும். கருவி அடுத்த ஆண்டும் கடையில் கிடைக்கும். மூத்த கவிஞரின் குரலுக்கு அவ்வுறுதி இல்லை.

பத்தாண்டு நிறைவு காணும் இம்மன்றம், உறுப்பினருள் வயதில் மூத்தவரை முதலில் அமர்த்தித் தம் கவிதையைத் தாமே ஓதச் செய்யுமாக. அப்பதிவு, இம்மலரின் ஏடு காக்க இயலாத பாதியைக் காக்கும்.

வாழ்க தமிழ்! வளர்க மன்றம்!