குதிரையேற்றம் நமக்கு எதற்கு?



இந்த வாரத் தலைப்பைச் சொன்னதும் பலர் கேட்ட கேள்வியைத்தான் என் பேச்சுக்குத் தலைப்பாக வைத்தேன். ஜொகூரில் அப்படிக் கேட்பதில் வியப்பில்லை. குதிரை என்றால் இங்கே அரண்மனையும் போலோவும்தான் நினைவுக்கு வரும். 2024 ஜனவரி 31-இல் மாமன்னராகப் பொறுப்பேற்ற நம் சுல்தான் இப்ராஹிம் போலோ ஆட்டக்காரர் என்பது ஊரறிந்த செய்தி.

ஆனால் குதிரைக்கும் நமக்கும் தொடர்பே இல்லை என்றால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மலாயில் 'சாயிஸ்' என்ற சொல் உண்டே, அது அரபு மூலத்திலிருந்து இந்துஸ்தானி வழியாக இங்கே வந்தது. குதிரையைப் பராமரிப்பவர் என்று பொருள். வண்டி போய்க் கார் வந்த பிறகு துரையின் கார் ஓட்டுநரையும் அப்படியே அழைத்தார்கள். அந்த வேலையில் பாவியான் தீவு மக்களும் இருந்தார்கள், நம்மவர்களும் இருந்தார்கள். சிங்கப்பூரில் லிட்டில் இந்தியாவை ஒட்டி ரேஸ் கோர்ஸ் சாலை இருப்பது சும்மா அல்ல. 1933 வரை பந்தயத் திடல் அங்கேதான் இருந்தது. பிறகு புக்கிட் தீமாவுக்கும், 1999-இல் கிராஞ்சிக்கும் போனது. 2024 அக்டோபர் 5-இல் கடைசிப் பந்தயமும் ஓடி முடிந்துவிட்டது.

ஒரு தந்தை என்னிடம் மனம் விட்டுப் பேசினார். அவருடைய அப்பா லாயத்தில் லத்தி அள்ளியவராம். பேத்தியும் காசு கட்டி அதே வேலையைக் கற்க வேண்டுமா என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, வலியோடு கேட்டார். அதனால்தான் இதை விளக்கமாகச் சொல்ல விரும்புகிறேன்.

ஜொகூரில் நான் பயிலும் பள்ளியில் முதல் பாடம் சேணத்தில் ஏறுவது அல்ல, லாயத்தைச் சுத்தம் செய்வதுதான். குதிரை ஏறக்குறைய 500 கிலோ எடையுள்ள பிராணி. அதனால் வாந்தி எடுக்க முடியாது. வயிற்றுவலி வந்தால் உயிருக்கே ஆபத்து. லத்தி குறைந்திருக்கிறதா, தீவனத்தை ஒதுக்கியதா என்று காலையில் முதலில் பார்ப்பவர் லாயக்காரர். குளம்பில் கல் சிக்கியிருந்தால் கண்டுபிடிப்பவரும் அவரே. ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் செதுக்கி, லாடத்தை மாற்ற வேண்டும்.

இந்த அறிவு இல்லாவிட்டால் என்ன ஆகும்? 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார். கடல் கடந்து ஆண்டுதோறும் பெருந்தொகைக்கு வாங்கிய குதிரைகள், பராமரிக்கத் தெரிந்தவர் இல்லாமல் மடிந்தனவாம். லாடம் கட்டுபவர் அங்கே போய்விடாதபடி வணிகர்களே பார்த்துக்கொண்டார்களாம். குதிரை சாகச் சாகத்தானே வியாபாரம்! ஆகவே, அந்தத் தாத்தா செய்தது இழிவான வேலை அல்ல. மன்னர்களின் கருவூலத்தையே காத்திருக்கக்கூடிய வித்தை அது. அதற்குரிய கூலியும் பெயரும் அவருக்குக் கிடைக்காததுதான் அநியாயம்.

ஏறுவதற்கு வருவோம். குதிரைக்குக் கண்கள் தலையின் பக்கவாட்டில் இருப்பதால் சுற்றிலும் பார்க்கும். மூக்கின் நேர் முன்னும் வாலின் நேர் பின்னும்தான் அதற்குத் தெரியாது. எனவே தோள் பக்கமாக, பேசிக்கொண்டே நெருங்க வேண்டும். இடப்பக்கம் ஏறுவது வழக்கம்; போர்வீரர் இடுப்பில் வாள் இடப்பக்கம் தொங்கிய காலத்துப் பழக்கம் என்பார்கள். நடைக்கு நான்கு தாளம், 'டிராட்' ஓட்டத்துக்கு இரண்டு. அந்த இரண்டு தாளத்துக்கு எழுந்து உட்காரப் பழகுவதற்குள் தொடை கழன்றுவிடும்! கடிவாளத்தை இழுத்துப் பிடிப்பது வீரம் அல்ல. தோலில் ஈ உட்கார்ந்தாலே சிலிர்க்கும் பிராணிக்கு விரல் அசைவே போதும்.

பெண் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு செய்தி. ஒலிம்பிக்கில் ஆணும் பெண்ணும் ஒரே பிரிவில் போட்டியிடும் விளையாட்டு இது. இளம்பிள்ளைவாதத்தால் முழங்காலுக்குக் கீழ் செயலிழந்த டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டல், 1952-இல் ஹெல்சிங்கியில் வெள்ளி வென்றார். 2018 ஆசிய விளையாட்டில் நம் நாட்டின் காபில் அம்பாக் வெள்ளி பெற்றார். 2023-இல் ஹாங்சோவில் இரண்டு பெண்களும் இரண்டு ஆண்களும் கொண்ட இந்தியக் குழு தங்கம் வென்றது. குதிரையேற்றத்தில் இந்தியாவுக்கு 41 ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த தங்கம் அது.

செலவு அதிகம்தான், மறைக்கவில்லை. குதிரை வாங்க வேண்டாம். பள்ளிக் குதிரையில் குழுவாகப் பழகினால் செலவு குறையும். பணம் கட்டுவதற்கு முன் லாயத்தைப் பார்க்கக் கேளுங்கள். தண்ணீர் சுத்தமாக இருக்கிறதா, நொண்டும் குதிரையைப் பாடத்துக்கு இறக்குகிறார்களா, உச்சி வெயிலில் ஓட்டுகிறார்களா, பிள்ளைக்கு அளவான தலைக்கவசம் தருகிறார்களா என்று கவனியுங்கள். லாயத்தைக் காட்ட மறுத்தால், பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள்.