பாசியின் கொழுப்பு யாருக்குச் சொந்தம்?

(புனே கேம்ப் பகுதியில் தமிழ்த் தொழிலாளர்களிடையே நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கேம்ப் கடைத்தெருவில் விற்கும் சோப்பு, சலவைத்தூள், பேக்கரி பிஸ்கட் ஆகியவற்றின் மூலப்பொருள்களைத் தேடிச் சென்றால், பல வேளைகளில் அத்தேடல் இந்தோனேசிய, மலேசிய எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் போய் முடியும். இந்தியா தனக்குத் தேவையான சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்கிறது. அதில் முதலிடம் பாமாயிலுக்கே. இதைக் குறைப்பதாகச் சொல்லி, 2021 ஆகஸ்டில் ஒன்றிய அரசு 11,040 கோடி ரூபாயில் எண்ணெய்ப்பனை இயக்கத்திற்கு ஒப்புதல் அளித்தது. வடகிழக்கு மாநிலங்களும் அந்தமானுமே அதன் முதன்மைக் களங்கள். அங்குள்ள காடும் பழங்குடி மக்களின் நிலமும் என்னவாகும் என்ற கேள்வி அன்றே எழுந்தது.

காட்டையும் வயலையும் தொடாமல் கொழுப்புப் பொருள்களை உண்டாக்க இயலுமா? இயலும் என்பதற்கு ஆய்வகச் சான்று உண்டு. சயனோபாக்டீரியா எனப்படும் நீலப்பச்சைப் பாசி, சூரிய ஒளி, நீர், கரியமில வாயு ஆகியவற்றைக் கொண்டே வாழ்கிறது. தன் செல்லின் சவ்வுகளைக் கட்டுவதற்காக அது கொழுப்பு அமிலங்களை உருவாக்குகிறது. அவற்றைத் தாங்கிப் புரதத்திலிருந்து வெட்டி விடுவிக்கும் நொதிக்குரிய மரபணுவைச் செடியிலிருந்தோ வேறு பாக்டீரியாவிலிருந்தோ எடுத்துப் பாசிக்குள் செலுத்துகின்றனர். விடுபட்ட அமிலத்தைச் செல் மீண்டும் பயன்படுத்தும் வழியையும் அடைக்கின்றனர். அமிலம் வெளியே கசிகிறது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தினர் 2011இல் இதைச் செய்து காட்டினர். டீசலின் கூறுகளான ஆல்கேன்களைச் சயனோபாக்டீரியா இயல்பாகவே ஆக்கும் வழியும், அதற்குரிய மரபணுக்களும் 2010இல் வெளிப்பட்டன.

இவ்வறிவு மேலைநாட்டின் தனிச்சொத்து அன்று. நெல்வயலுக்குத் தழைச்சத்து தருவதில் இப்பாசிக்குள்ள பங்கை பி.கே. டே 1939இல் நிறுவினார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் டி.வி. தேசிகாச்சாரி 1959இல் வெளியிட்ட ‘சயனோஃபைட்டா’ இன்றும் அத்துறையின் ஆதார நூல். திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் கடல்வாழ் சயனோபாக்டீரியாவுக்கான தேசிய மையம் 1991இல் தோன்றியது. மும்பை ஐஐடி ஆய்வாளர்கள் பவாய் ஏரியில் கண்டெடுத்த வகை, உகந்த சூழலில் 2.3 மணி நேரத்தில் இரட்டிப்பாகிறது என 2018இல் அறிவித்தனர். சக்சினிக் அமிலத்தைத் தரும்படி அதை மாற்றியமைத்த ஆய்வு 2020இல் வெளிவந்தது. இவையனைத்தும் பொது நிறுவனங்களின் உழைப்பு.

ஆனால் ஆய்வகத்திற்கும் ஆலைக்கும் இடையே நெடுந்தூரம் உண்டு. விடுபட்ட கொழுப்பு அமிலம் மிகும்போது பாசிக்கே நஞ்சாகிறது. திறந்த குளத்தில் பிற நுண்ணுயிர்கள் புகுந்து விளைச்சலைத் தின்றுவிடுகின்றன. பெருமளவு நீரிலிருந்து சிறிதளவு கொழுப்பைப் பிரித்தெடுக்கும் செலவும் அதிகம். மாற்றியமைத்த பாசியிலிருந்து எரிபொருள் தருவதாக வாக்களித்த அமெரிக்காவின் ஜூல் நிறுவனம், முதலீடு வறண்டு 2017இல் மூடப்பட்டது. பாசி எரிபொருளை விளம்பரங்களில் முழங்கிய எக்ஸான்மொபில், பின்னர் அம்முயற்சிக்கான நிதியை நிறுத்திக்கொண்டது. உடனடி இலாபம் தராத அறிவியலைப் பெருமூலதனம் நடுவழியில் கைவிடும் என்பதற்கு இவையே சான்று.

இலாபம் தரும் நாளில் அதே மூலதனம் உரிமைப் பத்திரத்துடன் திரும்பி வரும். எண்ணெயைச் சிதைக்கும் பாக்டீரியாவை உருவாக்கிய வங்காள விஞ்ஞானி ஆனந்த சக்ரவர்த்தியின் வழக்கில், 1980இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் உயிருள்ள பொருளுக்கும் காப்புரிமை உண்டு எனத் தீர்ப்பளித்தது. உலக வர்த்தக அமைப்பின் நிபந்தனைகளை ஒட்டி இந்தியா தன் காப்புரிமைச் சட்டத்தை 2002இல் திருத்தியது. செடிகளுக்கும் விலங்குகளுக்கும் காப்புரிமை இல்லை என்று கூறும் பிரிவு 3(ஜே), நுண்ணுயிர்களை மட்டும் அந்தத் தடையிலிருந்து விலக்கிவைத்தது. மக்கள் பணத்தில் வளர்ந்த பாசி ஒரு நிறுவனத்தின் உடைமையாவதற்கான கதவு அங்கே திறந்துகிடக்கிறது.

எனவே, தோழர்களே, மரபணு மாற்றம் என்றாலே அஞ்சி ஒதுக்குவதும், நிறுவனங்களின் வாக்குறுதிகளை அறிவியல் என்று நம்புவதும் உழைக்கும் மக்களுக்கு உதவா. ஒன்றிய அமைச்சரவை 2024 ஆகஸ்டில் ஏற்ற ‘பயோ-இ3’ கொள்கை உயிரித்தொழில் உற்பத்தியை ஊக்குவிப்பதாகக் கூறுகிறது. அந்த ஊக்கம் பொதுத்துறை முன்னோடி ஆலைகளுக்குச் செல்ல வேண்டும். பொது நிதியில் பிறந்த வகைகளின் உரிமை பொதுவிலேயே நிற்க வேண்டும். மாற்றியமைத்த உயிரிகள் ஏரியிலும் ஆற்றிலும் கலக்காதபடி மூடிய கலங்களில் வளர்க்கப்பட வேண்டும். பாதுகாப்பு ஆய்வறிக்கைகள் மக்கள் மொழிகளில் வெளியிடப்பட வேண்டும். பவாய் ஏரியின் பாசி பொது நீரில் பிறந்தது. அதன் பயனும் பொதுமக்களுக்கே உரியது.