மூச்சை மெதுவா விடுங்க: பரபரப்பான வேலைக்கு நடுவே ஐந்து நிமிடம்

(திருவொற்றியூரில் துறைமுகம், ஆலை, அலுவலகப் பணியாளர்கள் கூடிய நலக் கூட்டத்தில் யோகா பயிற்றுநர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நைட் ஷிப்ட் முடிச்சிட்டு வீட்டுக்குப் போகாம நேரா இங்க வந்தவங்க சிலர் இருக்கீங்க. கொட்டாவி வந்தா தாராளமா விடுங்க, நான் தப்பா எடுத்துக்க மாட்டேன். இன்னைக்கு நான் சொல்லப் போறது மூச்சு விடுறதைப் பற்றித்தான்.

யோகா என்றதும் பலருக்கு விடியற்காலை, அமைதியான கடற்கரை, விரிச்ச பாய் இதெல்லாம்தான் ஞாபகத்துக்கு வரும். நம்ம பகுதி வாழ்க்கை அப்படி இல்லை. ராயபுரத்தில் ஷிப்பிங் அலுவலகத்தில் இருப்பவருக்குக் கப்பலின் கட்-ஆஃப் நேரம்தான் கடிகாரம். டிரெய்லர் ஓட்டுபவர் எண்ணூர் விரைவுச் சாலை வரிசையில் எப்போது நகருவோம் என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பார். காசிமேட்டில் ஏலம் நடத்துபவருக்கு விடியும் முன்பே பாதி நாள் முடிந்துவிடும். அனல் மின் நிலையத்தில் ஷிப்ட் பார்ப்பவருக்குத் தூங்கும் நேரமே வாராவாரம் மாறும். இவர்களிடம் போய் “தினமும் காலையில் ஒரு மணி நேரம் யோகா செய்யுங்க” என்று சொன்னால், அதுவே இன்னொரு டென்ஷன் ஆகிவிடும். அதனால் ஐந்து நிமிடத்துக்கு மேல் நான் கேட்கப் போவதில்லை.

கையைப் பிடித்துப் பாருங்கள்

எல்லோரும் வலது கையின் இரண்டு விரலை இடது மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கமாக வையுங்க. நாடித் துடிப்பு தெரியுதா? இப்போ மூக்கு வழியாக மெதுவா மூச்சை இழுங்க. இன்னும் மெதுவா வெளியே விடுங்க. நான்கைந்து தடவை செய்து பாருங்க. இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் வேகமாகும். விடும்போது கொஞ்சம் நிதானமாகும். சிலருக்கு இது நல்லாவே தெரியும், சிலருக்கு லேசாத் தெரியும். வயது கூடக் கூட இந்த வித்தியாசம் குறையும். தெரியலைன்னா பயப்பட வேண்டாம்.

இதுக்குக் காரணம் மூளையிலிருந்து கழுத்து வழியா இதயம், வயிறு வரைக்கும் இறங்குகிற வேகஸ் நரம்பு. உடம்புக்குள் பிரேக் போடுகிற வேலை அதனுடையது. மூச்சை வெளியே விடும்போது அந்த பிரேக் விழுகிறது. இதயத்தைப் பார்த்து “மெதுவா துடி” என்று நேரடியாக உத்தரவு போட நம்மால் முடியாது. ஆனால் மூச்சு நம்ம கையில் இருக்கிறது. மூச்சைப் பிடித்து உள்ளே இருப்பதை நிதானப்படுத்தலாம் என்பதைத்தான் நம்ம முன்னோர் கண்டுபிடித்தார்கள். திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் அட்டாங்க யோகத்தைச் சொல்லும்போது பிராணாயாமத்துக்குத் தனி இடம் கொடுத்திருக்கிறார். நம்ம காலத்தில் சென்னையில் வாழ்ந்து 1989இல் மறைந்த யோக ஆசிரியர் டி. கிருஷ்ணமாச்சாரியார், பயிற்சியை ஆளுக்குத் தகுந்தபடி மாற்றிக் கொடுக்க வேண்டும் என்றார். நானும் அந்த வழியில்தான் உங்க வேலைக்குத் தகுந்த மாதிரி சொல்றேன்.

செய்முறை

நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்க. பாதம் இரண்டும் தரையில் இருக்கட்டும். தோளைத் தளர்த்துங்க. மனசுக்குள் நான்கு எண்ணி மூக்கால் இழுங்க. ஆறு எண்ணி மூக்காலேயே விடுங்க. நடுவில் மூச்சை அடக்க வேண்டாம். ஒரு சுற்றுக்குச் சுமார் பத்து விநாடி ஆகும். அப்படியென்றால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு, ஐந்து நிமிடத்துக்கு முப்பது. சாதாரணமாக ஓய்வில் இருக்கும்போதே பெரியவர்கள் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறோம். ஆரம்பத்தில் ஆறு எண்ணுவது சிரமமாக இருந்தால் மூன்று எண்ணி இழுத்து, நான்கு எண்ணி விடுங்க. தலை சுற்றினால் நிறுத்திவிட்டு இயல்பாக மூச்சு விடுங்க.

எண்ணுவதே பிடிக்கவில்லையா? பிராமரி செய்யலாம். வாயை மூடிக்கொண்டு, மூச்சு வெளியே போகும்போது வண்டு ரீங்காரம் மாதிரி “ம்ம்ம்” என்று ஒலி எழுப்பணும். ஒலி எழுப்பும்போது மூச்சு தானாகவே நீளும். ஆபீசில் செய்தால் பக்கத்து சீட்டுக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், அதனால் இதை வீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்க.

எப்போது செய்வது? வேலை தொடங்கும் முன் ஒரு முறை. சண்டையாக முடிந்த போன் காலுக்குப் பிறகு ஒரு முறை. மூன்றாவதுதான் ரொம்ப முக்கியம்: வீட்டு வாசலில், செருப்பைக் கழற்றும் முன். வேலையிடத்துக் கோபத்தைப் பிள்ளைகள் மேல் இறக்காமல் இருக்க அது உதவும்.

கிரேன் ஆபரேட்டர்கள் மணிக்கணக்காகக் குனிந்து கீழே பார்க்கிறீர்கள். கம்ப்யூட்டரில் இருப்பவர்களுக்கும் கழுத்து முன்னால் வந்துவிடும். இடைவேளையில் எழுந்து நின்று கைகளை மேலே தூக்கித் தாடாசனம், தோளைச் சுழற்றுவது, இடுப்பை இரண்டு பக்கமும் திருப்பும் கடிச் சக்கராசனம், இவ்வளவு போதும். மத்திய ஆயுஷ் அமைச்சகம் 2021இல் வெளியிட்ட ‘ஒய்-பிரேக்’ செயலியில் இதே மாதிரி ஐந்து நிமிடப் பயிற்சி இருக்கிறது. போனில் பார்த்துச் செய்யலாம்.

ஒரு எச்சரிக்கை. வண்டி ஓடும்போதோ இயந்திரம் இயங்கும்போதோ இதைச் செய்யவே கூடாது. வரிசையில் நிற்கும்போது ஹேண்ட்பிரேக் போட்டுவிட்டு, கண்ணைத் திறந்தபடி செய்யலாம். ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மூச்சை அடக்கும் பயிற்சி, கபாலபாதி போன்ற வேகமான பயிற்சிகளைத் தாங்களாகத் தொடங்கக் கூடாது.

“எந்தக் காற்றை இழுக்கச் சொல்றீங்க?”

ஒரு கூட்டத்தில் எண்ணூர்க்கார அண்ணன் ஒருவர் எழுந்து, “ஆழமா மூச்சு இழுன்னு சொல்றீங்களே, எந்தக் காற்றை இழுக்கச் சொல்றீங்க?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2023 டிசம்பர் 26ஆம் தேதி நள்ளிரவு நெருங்கும்போது எண்ணூர் பெரியகுப்பம் பக்கம் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடி வந்ததை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அன்றைக்கு வந்தது மன அழுத்தம் இல்லை. நியாயமான பயம். அதற்கு யோகா மருந்தல்ல.

அவருக்கு நான் இரண்டு விஷயம் சொன்னேன். முதலாவது, நான் ஆழமாக இழுக்கச் சொல்லவில்லை, மெதுவாக விடச் சொல்கிறேன். நெஞ்சு நிறைய காற்றை வாங்குவது நோக்கமில்லை. வேகத்தைக் குறைப்பதுதான் நோக்கம். இரண்டாவது, இடம் பார்த்துச் செய்யணும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ‘சமீர்’ செயலியில் மணலி, ராயபுரம் போன்ற நிலையங்களின் காற்றுத் தரக் குறியீட்டைப் பார்க்கலாம். 200க்கு மேல் இருந்தால் ‘மோசம்’ என்று பொருள். அன்றைக்கு வெளியே நடைப்பயிற்சியும் வேண்டாம், மூச்சுப் பயிற்சியும் வேண்டாம். அறைக்குள் செய்யுங்க. நெடி அடித்தால் பயிற்சியை விட்டுவிட்டு, ஈரத் துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, காற்று வீசும் பாதையிலிருந்து பக்கவாட்டில் விலகிப் போங்க. 112க்குச் சொல்லுங்க. அன்றாடப் புகை, தூசி பற்றிய புகாரை 1100 முதல்வர் உதவி எண்ணில் பதிவு செய்யலாம். மூச்சுப் பயிற்சி செய்பவர் புகார் கொடுக்கக் கூடாது என்று எந்த யோக நூலிலும் இல்லை!

மூச்சால் தீராதவை

நெஞ்சில் பாரம், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, இவை வந்தால் “கேஸ் டிரபுள்” என்று உட்கார்ந்து மூச்சை எண்ணிக்கொண்டிருக்காதீங்க. உடனே 108. ரத்த அழுத்த மாத்திரையை யோகாவை நம்பி நிறுத்தாதீங்க. நிறுத்துவதா வேண்டாமா என்பதை டாக்டர்தான் முடிவு செய்யணும். வீடு தேடி வரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021இல் தொடங்கியது. வேலையிடத்திலேயே பரிசோதிக்கும் ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ 2024இல் வந்தது. உங்கள் ஆலைக்கு வரும்போது “எனக்கு ஒண்ணும் இல்ல” என்று ஒதுங்காமல் கையை நீட்டுங்க. ரத்த அழுத்தம் 140/90 என்று இருந்தாலும் உடம்பில் எந்த அறிகுறியும் தெரியாமல் போகலாம்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, வாழ்ந்து என்ன என்ற எண்ணம் வருகிறது என்றால் 14416 டெலி-மானஸ் எண்ணைக் கூப்பிடுங்க. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். ஆம்பிளை அழலாமா என்றெல்லாம் யோசிக்காதீங்க. இப்போதே போனை எடுத்து அந்த எண்ணைச் சேமித்து வையுங்க. உங்களுக்குத் தேவைப்படாவிட்டாலும் பக்கத்து மேஜைக்காரருக்குத் தேவைப்படலாம்.

நான் முடிக்கிறதுக்கு முன்னால் ஒரு வேலை பாக்கி. போனை சைலண்டில் போடுங்க. பாதம் தரையில். தோளைத் தளர்த்துங்க. நான்கு எண்ணி இழுங்க... ஆறு எண்ணி விடுங்க. ஆறு சுற்று சேர்ந்து செய்வோம். அப்புறம் எல்லோருக்கும் டீ இருக்கு.