மழைக்கு முன் ஒரு வயர்லெஸ்: அந்தப் பக்கம் கேட்பது யார்?

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், ஹாம் ரேடியோ உரிமம் பெற்ற குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)

செயலாளர் எனக்குப் பத்து நிமிடம்தான் கொடுத்திருக்கிறார். அடுத்து தண்ணீர்த் தொட்டி விவகாரம் காத்திருக்கிறது. அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

2023 டிசம்பர் 4-ஆம் தேதி, மிக்ஜாம் புயல். மின்சாரம் போனது, கொஞ்ச நேரத்தில் செல்போன் சிக்னலும் போனது. நம் பி பிளாக்கில் இருக்கும் ஓர் அம்மா, டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு மூன்று மாடி ஏறி என் வீட்டுக்கு வந்தார். “தம்பி, உங்ககிட்ட வயர்லெஸ் இருக்குன்னாங்க. என் பையன் சிப்காட்டுக்கு நைட் ஷிஃப்ட் போனவன் இன்னும் வரலை. ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்களேன்” என்றார்.

பீரோவைத் திறந்து கருவியை எடுத்தேன். பேட்டரி செத்துக் கிடந்தது. கடைசியாக எப்போது சார்ஜ் போட்டேன் என்றே நினைவில்லை. அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மறுநாள் மதியம் அந்தப் பையன் இடுப்பளவு தண்ணீரில் நடந்து பத்திரமாக வந்து சேர்ந்தான். ஆனால் அன்றிரவு எனக்குத் தூக்கம் இல்லை. பேட்டரி முழுதாக இருந்திருந்தாலும் நான் யாரை அழைத்திருப்பேன்? தொழிற்சாலை கேட்டில் இருக்கும் செக்யூரிட்டியின் செட் வேறு உரிமத்தில், வேறு அலைவரிசையில் இயங்குவது. அங்கே என் குரலைக் கேட்க ஆளே இல்லை.

அதனால், “எந்த செட் வாங்கலாம் சார்?” என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இதுதான்: அந்தப் பக்கம் கேட்கப்போவது யார்? அதற்குப் பதில் கிடைத்தால் எந்தக் கருவி என்பது தானாகத் தெரிந்துவிடும்.

முதலில், நம் வளாகத்துக்குள் மட்டும் பேசினால் போதும் என்பவர்கள். வெள்ளம் வந்தால் ஏ பிளாக்கில் இருந்து கேட் வரைக்கும், மோட்டார் ரூம் வரைக்கும் பேச வேண்டும். இதற்கு ஹாம் உரிமம் தேவையில்லை. 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்கும் குறைந்த சக்தி வாக்கி டாக்கிகளுக்கு இந்தியாவில் உரிமத்திலிருந்து விலக்கு உண்டு. வாங்கும்போது அலைவரிசை எழுதியிருக்கிறதா, அரசின் வகைச் சான்றான இடிஏ இருக்கிறதா என்று பாருங்கள். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறதே என்று கண்டதையும் வாங்கிவிடாதீர்கள். இப்படி உரிமம் தேவைப்படும் செட்களை விவரம் சொல்லாமல் விற்றதற்காகத்தான், 2025-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணைய விற்பனைத் தளங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது.

இரண்டாவது, ஊர் தாண்டிப் பேச வேண்டும் என்பவர்கள். இதற்குத்தான் ஹாம் ரேடியோ. மத்திய தகவல் தொடர்பு அமைச்சகத்தின் டபிள்யூபிசி பிரிவு உரிமம் தருகிறது. 12 வயது நிரம்பியவர் யாரும் தேர்வு எழுதலாம். ‘ரெஸ்ட்ரிக்டட்’ நிலைக்கு மோர்ஸ் தந்திமொழி தெரிய வேண்டியதில்லை. பத்தாம் வகுப்பு இயற்பியலும் விதிமுறைகளும் படித்தால் தேறிவிடலாம். ஆனால் விண்ணப்பம், தேர்வு, உரிமம் எல்லாம் சேர்ந்து மாதக்கணக்கில் ஆகும். அடுத்த ஐப்பசி மழைக்குத் தயாராக வேண்டுமானால் இப்போதே தொடங்க வேண்டும். உரிமம் கைக்கு வந்த பிறகு கருவி வாங்குங்கள். உரிமம் இல்லாமல் இயக்குவது சட்டப்படி தவறு.

ஹாம் கையடக்கக் கருவிகளில் பெரும்பாலானவை 5 வாட் சக்தி உள்ளவை. இந்தியாவில் நாம் பயன்படுத்துவது 144–146 மெகாஹெர்ட்ஸ், 434–438 மெகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு பட்டைகள். பெட்டியின் மேல் ‘20 கிலோமீட்டர்’ என்று போட்டிருந்தால் நம்பாதீர்கள். இந்த அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும். சமதளத்தில் நிற்பவரின் ரேடியோ அடிவானம் சுமார் 5 கிலோமீட்டர். நடுவில் கட்டடங்கள் இருந்தால் ஒன்றிரண்டு கிலோமீட்டரோடு சரி. அதே கருவியோடு நம் மொட்டை மாடியில், 20 மீட்டர் உயரத்தில் நில்லுங்கள். அடிவானம் 18 கிலோமீட்டருக்குத் தள்ளிப்போகும். கூடுதல் வாட்டுக்குக் கொடுக்கும் காசை விட மாடிப்படி ஏறும் கால்வலி அதிகப் பலன் தரும்!

எந்த மாடல்? பாவ்ஃபெங் யூவி-5ஆர் மலிவானது, பழகுவதற்குப் போதும். ஆனால் அது ஹாம் பட்டைக்கு வெளியேயும் ஒலிபரப்பும். காவல்துறை அலைவரிசையில் தெரியாமல் பட்டனை அழுத்தினாலும் பொறுப்பு நம்முடையதே. யாசு எஃப்டி-65ஆர் விலை கூடுதல். தூசியும் தெறிக்கும் தண்ணீரும் தாங்கும். எதுவானாலும் நான் பார்ப்பது மூன்று: மழையில் நனைந்தால் தாங்குமா, கூடுதல் பேட்டரி கடையில் கிடைக்குமா, மின்சாரம் இல்லாதபோது பவர் பேங்கிலோ காரிலோ சார்ஜ் ஏறுமா. கூடவே கயிற்றில் கட்டித் தொங்கவிடும் ஒரு ஒயர் ஆன்டெனா வாங்குங்கள். செட்டோடு வரும் குட்டை ரப்பர் ஆன்டெனாவை விட அது நன்றாகக் கேட்கும்.

மூன்றாவது, மலையேறுபவர்கள். ஞாயிற்றுக்கிழமை தடா அருவிக்கும் நாகலாபுரம் மலைக்கும் போகும் இளைஞர்கள் இங்கே நிறைய பேர் இருக்கிறீர்கள். பள்ளத்தாக்கில் செல்போன் கிடைக்காது, உண்மை. ஆனால் அங்கே ஹாம் செட்டும் மலையைத் துளைத்துப் பேசாது. குழுவில் முன்னே போகிறவரும் பின்னே வருகிறவரும் பேசிக்கொள்ள உதவும். வெளியே பேச வேண்டுமானால் முகட்டுக்கு ஏற வேண்டும். ஒவ்வொரு மணியிலும் முதல் ஐந்து நிமிடம் மட்டும் செட்டைத் திறப்பது என்று கீழே இருப்பவரோடு முன்பே பேசி வையுங்கள். பேட்டரி மிஞ்சும். அழைப்பு வரவில்லை என்றால் கீழே இருப்பவருக்கும் சந்தேகம் வரும். அந்தச் சந்தேகம்தான் உயிரைக் காப்பாற்றும்.

இன்னும் தூரம் பேச வேண்டுமானால் அது வேறு கதை. 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது, பாரதி பிரசாத் என்ற ஹாம் தன் குழுவோடு போர்ட் பிளேரில் இருந்தார். ஹாம் ஒலிபரப்புக்காகவே அந்தமான் போனவர்கள். மற்றத் தொடர்புகள் அறுந்த நேரத்தில் அவர்களுடைய நிலையம் தீவுக்கும் நிலப்பகுதிக்கும் இடையே செய்தி கடத்தியது. அது சிற்றலைக் கருவி, பெரிய ஆன்டெனா. கையில் பிடிக்கும் செட்டால் அதைச் செய்ய முடியாது. அதை விட முக்கியம், கடலுக்கு இந்தப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு ஹாம்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

நம் பகுதிக்கென்று இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, ஹாம் செட்டை நிறுவன வேலைக்கோ நம் செக்யூரிட்டி வேலைக்கோ கொடுக்கக் கூடாது; விதி அனுமதிக்காது. இரண்டு, சுற்றிலும் தொழிற்சாலைகள். எரியக்கூடிய வாயு கசியும் இடத்தில் சாதாரண செட்டை இயக்காதீர்கள். சிறு பொறி போதும். முதலில் காற்று வீசும் திசைக்குக் குறுக்காக விலகிப் போங்கள், பிறகு பேசுங்கள்.

போன் வேலை செய்யும் வரை போன்தான் முதல் வழி. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070. இவற்றைப் பால் அட்டைக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள்.

கடைசியாக என் வேண்டுகோள். சங்கம் நான்கு உரிம விலக்கு வாக்கி டாக்கி வாங்கட்டும். நம்மில் மூன்று பேர் ஹாம் தேர்வு எழுதட்டும். ஞாயிறு மாலை நான் பாடம் எடுக்கிறேன், காபி மட்டும் போதும். பக்கத்துக் குடியிருப்புகளிலும் இரண்டு பேரைத் தேடிப் பிடிப்போம். சிப்காட்டில் வேலை செய்யும் ஒருவரும் தேர்வு எழுதினால் இன்னும் நல்லது. மாதம் ஒரு நாள், மெயின்டெனன்ஸ் கட்டும் தேதியில், எல்லோரும் பேட்டரிக்குச் சார்ஜ் போட்டு மொட்டை மாடியில் இருந்து ஒருவரை ஒருவர் கூப்பிட்டுப் பார்ப்போம்.

அடுத்த புயலில் அந்த அம்மா மறுபடி என் கதவைத் தட்டினால், “இருங்கம்மா, கேட்டுச் சொல்றேன்” என்று சொல்ல வேண்டும். அதற்கு என் கையில் ஒரு செட் இருந்தால் போதாது. உங்களில் யாராவது அந்தப் பக்கம் இருக்க வேண்டும்.