செல்போனுக்குள் நுழைய ஒரு வாரண்ட்

நம் செல்போனைப் போலீஸ் திறந்து பார்க்க வாரண்ட் வேண்டுமா என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். குற்றவியல் வழக்குகள் நடத்தும் வக்கீல் நான். வேண்டும் என்பதுதான் என் பதில். எனக்கு மிகவும் பிடித்த ஒரு தீர்ப்பிலிருந்து தொடங்குகிறேன்.

2009. அமெரிக்காவின் சான் டியாகோ நகரம். ரைலி என்பவரின் காரைப் போலீஸ் மறிக்கிறது. வண்டிப் பதிவு காலாவதியாகியிருந்தது. காரைக் கைப்பற்றிச் சோதித்தால் பானட்டுக்கு அடியில் இரண்டு துப்பாக்கிகள். கைது செய்கிறார்கள். அவர் பையிலிருந்த ஸ்மார்ட்போனையும் குடைகிறார்கள். அதிலிருந்த படங்களை வைத்து, சில வாரங்களுக்கு முந்தைய ஒரு துப்பாக்கிச் சூட்டு வழக்கிலும் அவரைச் சேர்க்கிறார்கள். 15 ஆண்டு முதல் ஆயுள்வரை தண்டனை.

ரைலி நல்லவரா கெட்டவரா என்பது இங்கே பேச்சில்லை. நீதிபதியைக் கேட்காமல் போனைத் திறந்தது சரியா? இதுதான் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போன கேள்வி.

கைதானவரின் சட்டைப்பையைத் துழாவ அங்கே வாரண்ட் தேவையில்லை. ஆயுதம் வைத்திருக்கலாம், தடயத்தை அழித்துவிடலாம் என்பது காரணம். 1973-ல் ராபின்சன் வழக்கில், பையிலிருந்த கசங்கிய சிகரெட் பெட்டியைப் போலீஸ் பிரித்தது. உள்ளே ஹெராயின். நீதிமன்றம் அந்தச் சோதனையை ஏற்றது. பையிலிருக்கும் மற்றப் பொருளைப் பார்க்கலாம் என்றால் செல்போனை மட்டும் ஏன் பார்க்கக்கூடாது என்று ரைலி வழக்கில் வாதாடியது அரசுத் தரப்பு.

2014 ஜூன் 25. ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் கூடாது என்றார்கள். தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் எழுதிய அந்தத் தீர்ப்பை இன்றும் எடுத்து வாசிப்பேன். போனுக்குள் இருக்கும் தகவலால் யாரும் போலீஸ்காரரைத் தாக்க முடியாது என்கிறார். ஒரு வீட்டை முழுக்கச் சோதித்தாலும் அகப்படாதது போனுக்குள் அகப்படும் என்கிறார். தடயம் அழிந்துபோகுமே? போனை அணைத்து வைக்கலாம், சிக்னல் புகாத அலுமினியப் பையில் போட்டு வைக்கலாம் என்று அதற்கும் வழி சொல்கிறார். வெடிகுண்டு, குழந்தை கடத்தல் என்று உயிர் ஊசலாடும் நேரத்தில் உடனே பார்க்கலாம். அந்த வாசலை அவர் அடைக்கவில்லை. மற்றபடி, வாரண்ட் வாங்கிக்கொண்டு வா என்பதே தீர்ப்பு.

இனி நம் ஊர். ஓர் அடிதடி வழக்கு. என் கட்சிக்காரர் 19 வயதுப் பையன். ஸ்டேஷனில் லாக்கை எடுக்கச் சொல்லி, அவன் வாட்ஸ்அப்பைத் தள்ளித் தள்ளிப் பார்த்திருக்கிறார்கள். அக்காவின் ஸ்கேன் ரிப்போர்ட், அவனோடு பழகிய பெண் அனுப்பிய படங்கள் எல்லாம் அங்கிருந்தவர்கள் கண்ணில் பட்டுவிட்டன. பிறகு, கைப்பற்றிய பொருட்களைப் பட்டியலிடும் மகஜரின் நகல் என் கைக்கு வந்தது. 'கறுப்பு நிற டச் செல்போன் ஒன்று, கண்ணாடி கீறியது' என்று ஒரே வரி. அதற்கு மேலே பர்ஸ், கீழே பைக் சாவி. உள்ளே யார் பார்த்தார்கள், எதைப் பார்த்தார்கள் என்பதற்கு ஒரு சொல் கிடையாது. அந்த அக்கா எந்த வழக்கிலும் இல்லை, அந்தப் பெண்ணும் இல்லை. அவர்களுக்காக யார் பேசுவது? எனக்கு இன்றும் ஆறவில்லை.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் காவல்துறை நண்பர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வாரண்ட் உங்களுக்கும் பாதுகாப்பு. எந்தத் தேதி முதல் எந்தத் தேதிவரை, எந்த உரையாடல் என்று நடுவர் எழுதிக் கொடுத்துவிட்டால், போனுக்குள் நீங்களே எதையோ சேர்த்தீர்கள் என்று குறுக்கு விசாரணையில் எங்களால் எளிதாகக் கேட்க முடியாது.

நம் சட்டப்படி, புலனாய்வு அதிகாரி காரணத்தை எழுதி வைத்துவிட்டு வாரண்ட் இல்லாமலே ஓர் இடத்தைச் சோதிக்கலாம். வீடு, கடை, குடோனை மனத்தில் வைத்து எழுதிய பிரிவு அது, செல்போனை அல்ல. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் புட்டசாமி வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவசரம் இருந்தாலன்றி ஸ்மார்ட்போனைச் சோதிக்க வாரண்ட் வேண்டும் என்று 2021-ல் கர்நாடக உயர் நீதிமன்றமும் சொன்னது. அந்தத் தீர்ப்பு தமிழ்நாட்டைக் கட்டுப்படுத்தாது.

நேரம் நெருங்கிவிட்டது. 2023-ல் நிறைவேறிய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டம், சோதனையை வீடியோ எடுக்கச் சொல்கிறது. அதே சட்டத்தில் செல்போனுக்கென்று ஒரு தனிப் பிரிவும் வரும் என்று நம்புகிறேன். அதுவரை, உங்கள் போனைக் கைப்பற்றினால் மகஜர் நகலைக் கேட்டு வாங்குங்கள், அதில் போனின் அடையாளமான ஐ.எம்.இ.ஐ. எண் இருக்கிறதா என்று பாருங்கள்.